குணமாவதால் யாருக்கு நஷ்டம்?

2018 ஏப்ரலில் வால் ஸ்ட்ரீட்டின் முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் ஆய்வறிக்கையை அனுப்பியது. மரபணு மருத்துவத்தில் பணம் போட நினைப்போருக்கான அறிக்கை அது. நோயாளிகளைக் குணப்படுத்துவது நீடித்து நிற்கக்கூடிய வணிகம்தானா என்ற கேள்வி அதில் ஒளிவுமறைவின்றி எழுப்பப்பட்டிருந்தது. எச்சரிக்கைக்குரிய எடுத்துக்காட்டாக அறிக்கை சுட்டிக்காட்டியது கிலீட் சயின்சஸ் நிறுவனத்தையும் அதன் ஹெபடைடிஸ் சி மருந்துகளையும்தான். குணமானவர் மீண்டும் மருந்து வாங்க வருவதில்லை. இது தொற்றுநோய் ஆதலால், குணமானவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவுவதுமில்லை. இருக்கும் நோயாளிகளும் குறைகிறார்கள், புதிய நோயாளிகளும் குறைகிறார்கள். சந்தை இரு பக்கமும் தேய்கிறது. முதலீட்டாளர்களே கவனம் என்றது வங்கி.

மார்க்சியர்கள் முதலாளித்துவத்தைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்ளும் நல்லெண்ண அறிஞர்கள் இவ்வறிக்கையைப் படித்துப் பார்க்கலாம். எந்த மார்க்சியரும் இவ்வளவு பச்சையாக எழுதியதில்லை. தொற்று ஒழிவதைச் சந்தை இழப்பாகக் கணக்கெழுதும் இந்தச் சிந்தனை ஏதோ ஒரு வங்கி ஊழியரின் தனிப்பட்ட வக்கிரம் அன்று. மருந்து சரக்காகவும் நோய் சந்தையாகவும் இருக்கும் அமைப்பில் அந்தக் கணக்கு முற்றிலும் சரியான கணக்கு. ஹெபடைடிஸ் சி என்ற ஒரே நோயின் முப்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும்.

நோயும் ஊசியும்

இரத்தத்தின் வழியே பரவும் வைரஸ் கல்லீரலைத் தாக்கி உண்டாக்கும் அழற்சி ஹெபடைடிஸ் சி. பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகளில் கல்லீரல் மெல்ல மெல்ல வடுப்பட்டு, சிலருக்குச் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கத்திலும் அதன்பின் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடுகிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை. வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். அக்கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நோய் யாரிடம் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பரிசோதிக்கப்படாத இரத்தம் ஏற்றப்பட்டவர்கள், வாரம் தவறாமல் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அடிக்கடி இரத்தம் ஏற்றியாக வேண்டிய தலசீமியா குழந்தைகள், ஒரே ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்கள். இவர்கள் எல்லோரையும்விட, காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் கிராமத்து ‘டாக்டரிடம்’ ஓர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வயலுக்கோ செங்கல் சூளைக்கோ ஓடியவர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இல்லாத அல்லது இருந்தும் பூட்டிக்கிடக்கிற ஊர்களில், கொதிக்கவைக்காத ஊசியே ஏழையின் மருத்துவமாக இருந்தது. பஞ்சாபின் கிராமப்புறங்களில் இந்நோய் மிகுந்து காணப்படுவதற்குப் பாதுகாப்பற்ற ஊசிகள் முக்கியக் காரணம்.

எகிப்தின் கதை இன்னும் கொடியது. நைல் நதிக்கரை உழவர்களைப் பீடித்த ஒட்டுண்ணி நோய் ஒன்றுக்கு அரசே 1950கள் முதல் 1980கள் வரை கூட்டங்கூட்டமாக ஊசி போட்டது. கண்ணாடிச் சிரிஞ்சுகள் சரிவரச் சுத்தம் செய்யப்படாமல் மீண்டும் மீண்டும் பயன்பட்டன. ஒரு நோயைப் போக்கப் போட்ட ஊசி, உலகிலேயே அதிக விகிதத்தில் ஹெபடைடிஸ் சி உள்ள நாடாக எகிப்தை ஆக்கிவிட்டது.

‘பராமரிப்பு’ என்றொரு சொல்

இந்நோய்க்கு முதலில் கிடைத்த மருந்து இன்டர்ஃபெரான். 1991இல் அமெரிக்கா அனுமதித்தது. பின்னர் ரிபாவிரின் மாத்திரை சேர்ந்தது. 2001 முதல் வாரம் ஒருமுறை போடும் பெக்இன்டர்ஃபெரான் ஊசி வந்தது. நாற்பத்தெட்டு வாரங்கள் இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகும், மேலை நாடுகளில் அதிகம் காணப்படும் வைரஸ் வகையில் பாதிப் பேருக்குக்கூட உறுதியாகக் குணமாகவில்லை. காய்ச்சல், கடும் சோர்வு, முடி உதிர்தல், இரத்தச் சோகை, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகும் மனச்சோர்வு ஆகியவை பக்க விளைவுகள். இந்தியாவில் இச்சிகிச்சைக்கான செலவு லட்சங்களில் இருந்தது. நிலத்தை விற்று ஊசி போட்டவர்கள் உண்டு. விற்க நிலமில்லாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சிகிச்சையிலும் குணமாகாதவர்களை என்ன செய்வது? அப்போது முன்வைக்கப்பட்டதுதான் நீண்டகாலப் பராமரிப்புச் சிகிச்சை. வைரஸை ஒழிக்க முடியாவிட்டாலும், குறைந்த அளவில் அதே ஊசியை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் கல்லீரல் வடுப்படுவது மெதுவாகும் என்பது கருதுகோள். அறிவியல் நோக்கில் தவறான கருதுகோள் என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோள்.

சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் நிதியளித்த ஹால்ட்-சி ஆய்வில், முந்தைய சிகிச்சை பலிக்காத, கல்லீரல் ஏற்கெனவே கடுமையாக வடுப்பட்ட 1,050 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ரோஷ் நிறுவனத்தின் பெக்இன்டர்ஃபெரான், வழக்கமான அளவில் பாதியாக, வாரந்தோறும் மூன்றரை ஆண்டுகள் போடப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 180 ஊசிகள். மறுபிரிவினருக்கு எதுவும் தரப்படவில்லை. 2008 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 34.1 சதவீதத்தினருக்கு நோய் முற்றியிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்களில் 33.8 சதவீதத்தினருக்கு. எந்த வேறுபாடும் இல்லை. பின்னர் அதே நோயாளிகளை மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பராமரிப்புச் சிகிச்சை பெற்றவர்களிடையேதான் இறப்பு கூடுதலாக இருந்தது.

இதில் ஆய்வாளர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் நேர்மையாகச் சோதித்து, நேர்மையாக வெளியிட்டார்கள். சாதகமற்ற முடிவை மறைக்காமல் வெளியிடுவது மருந்து ஆய்வுலகில் அரிதாகிவிட்ட பண்பு. இங்கே அது நடந்ததற்கு ஆய்வின் பிடி பொதுப்பணத்தின் கையில் இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

தமிழில் ‘பராமரிப்பு’ என்ற சொல்லை வீட்டுக்கும் சாலைக்கும் எந்திரத்துக்கும் ஆளுகிறோம்; முதியோரையும் பிள்ளைகளையும் பராமரிக்கிறோம். அன்பும் பொறுப்பும் தோய்ந்த சொல். பங்குச் சந்தை அகராதியிலோ அதற்குப் பொருள் வேறு: மாதந்தோறும் தவறாமல் வரும் வருவாய். நீரிழிவு, இரத்த அழுத்தம், எச்.ஐ.வி. முதலிய நோய்களுக்கு வாழ்நாள் மருந்து மருத்துவரீதியாகத் தேவைப்படுகிறது. அதை யாரும் மறுக்கவில்லை. தேவையான பராமரிப்பை மறுப்பதும் குற்றம், குணப்படுத்தத்தக்க நோயைப் பராமரிப்பதும் குற்றம். எது தேவை என்பதை முடிவுசெய்வது மருத்துவமா, லாப விகிதமா என்பதே சச்சரவு.

ஆயிரம் டாலர் மாத்திரை

ஹால்ட்-சி முடிவு வெளிவந்து ஐந்தாண்டுகள் கழித்து, 2013 டிசம்பரில், சோஃபோஸ்புவிர் வந்தது. நாளொன்றுக்கு ஒரு மாத்திரை, துணைக்கு இன்னொரு மருந்து, பன்னிரண்டு வாரம். இன்டர்ஃபெரான் ஊசியே தேவைப்படாத கூட்டுமருந்துகள் விரைவில் வந்தன. பக்க விளைவுகள் மிகக் குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம். மருத்துவ வரலாற்றில் நாள்பட்ட வைரஸ் தொற்று ஒன்று மாத்திரையால் முற்றாக ஒழிக்கப்படுவது இதுவே முதல்முறை. மனித அறிவின் இந்த வெற்றியைக் கம்யூனிஸ்டுகள் மனமாரக் கொண்டாட வேண்டும். ஆனால் அந்த வெற்றிக்குக் கிலீட் ஒட்டிய விலைச்சீட்டு, ஒரு மாத்திரை 1,000 டாலர். 84 மாத்திரைக்கு 84,000 டாலர்.

ஆராய்ச்சிக்குச் செலவாகிறதே என்ற பழைய பல்லவியை உடனே பாடினார்கள். உண்மை என்ன? இம்மருந்தைக் கிலீட் கண்டுபிடிக்கவில்லை. பார்மாசெட் என்ற சிறு நிறுவனத்தை 2011இல் ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கி, அதனுடன் மருந்தையும் பெற்றது. பார்மாசெட்டை நிறுவியவர்களில் ஒருவர் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையிலும் பணியாற்றியவர். மூலக்கூறை உயிரணுவுக்குள் செலுத்தும் உத்தி பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் உருவானது. வைரஸை ஆய்வுக்கூடத்தில் பெருக்கிச் சோதிக்கும் வழியை 1999இல் கண்டவர்கள் ஜெர்மன் ஆய்வாளர்கள். அறிவு முழுவதும் சமூகத்தின் கூட்டுழைப்பில் விளைந்தது. அபகரிப்பு ஒரு நிறுவனத்தின் பெயரில் நடந்தது.

விலை எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதை அமெரிக்க செனட் நிதிக் குழுவே பதினெட்டு மாதங்கள் விசாரித்து 2015 டிசம்பரில் அறிக்கை தந்தது. பார்மாசெட் தன் கணக்கில் எண்ணியிருந்த விலை 36,000 டாலர். கிலீட் அதை இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்த்தியது. அடுத்து வரவிருந்த மருந்துக்கு இன்னும் உயர்ந்த விலை கேட்க இது அடித்தளமாக அமையும் என்பதும் அதன் திட்டம். பலருக்கு மருந்து எட்டாது என்று தெரிந்தே செய்தார்கள். லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரூ ஹில்லும் அவருடைய குழுவினரும் பன்னிரண்டு வாரச் சோஃபோஸ்புவிரின் உற்பத்திச் செலவு 68 டாலரிலிருந்து 136 டாலருக்குள் அடங்கும் என 2014இலேயே கணக்கிட்டிருந்தனர். 2014, 2015 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஹெபடைடிஸ் சி மருந்துகளின் விற்பனையால் கிலீட் ஈட்டிய வருவாய் 3,000 கோடி டாலருக்கு மேல். பார்மாசெட்டை வாங்கிய பணத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

உலகின் மிகப் பணக்கார நாட்டில் இதன் விளைவு என்ன? ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டின் கீழ் பல மாநிலங்கள் கட்டுப்பாடு விதித்தன. கல்லீரல் கடுமையாக வடுப்பட்ட பிறகு வா, அப்போது மருந்து தருகிறோம். மதுவும் போதையும் விட்டுச் சில மாதம் ஆனதற்குச் சான்று கொண்டுவா. குணப்படுத்தும் மருந்து அலமாரியில் இருக்க, நோய் முற்றும்வரை காத்திருக்க வைக்கப்பட்டான் ஏழை. மேலே சொன்ன முன்னாள் படைவீரர் நலத்துறையே 2015இல் இம்மருந்துக்கான நிதி தீர்ந்துபோய்த் திண்டாடியது. தன்னிடம் ஊதியம் பெற்றவர் உருவாக்கிய நிறுவனத்தின் மருந்தை வாங்க அந்தத் துறையிடம் பணம் இல்லை.

இந்தியாவில் விலை இறங்கிய வழி

இங்கே என்ன நடந்தது என்பதைத் தோழர்கள் விரிவாக அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் இதில் இடதுசாரி இயக்கத்தின் நேரடிப் பங்கு உண்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்தது. அதன் நிழலில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் அதைத் தகர்த்தது. 2005இல் சட்டத்தைத் திருத்தியே தீரவேண்டிய நிலை வந்தபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளின் அழுத்தத்தால் சில பாதுகாப்புகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் முதன்மையானது 3(டி) பிரிவு. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம் கூடுதல் மருத்துவப் பயன் தராவிட்டால் அதற்குக் காப்புரிமை இல்லை என்கிறது அது. மருந்து விண்ணப்பங்களைக் காப்புரிமை வழங்கப்படும் முன்பே யாரும் எதிர்க்கலாம் என்ற உரிமையும் காக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்டிஸின் புற்றுநோய் மருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 3(டி)யை உறுதிசெய்தது.

சோஃபோஸ்புவிர் விண்ணப்பத்தையும் அதே வாயிலில் மறித்தார்கள். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் டெல்லி கூட்டமைப்பு உள்ளிட்டோர் எதிர்ப்பு மனு கொடுத்தனர். 2015 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் 3(டி)யைச் சுட்டி ஒரு முக்கிய விண்ணப்பத்தை நிராகரித்தது. அம்மாதம் முடிவதற்குள் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்து மறுபரிசீலனைக்கு அனுப்பியது. 2016 மே மாதம் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது.

அப்படியானால் போராட்டம் தோற்றதா? கிலீட் இந்தியாவில் முதலில் சொன்ன விலை பன்னிரண்டு வாரத்துக்கு 900 டாலர். அமெரிக்க விலையோடு ஒப்பிட்டால் இது தர்மம் போலத் தோன்றும். எதிர்ப்பு எழும் என்று தெரிந்தே, 2014 செப்டம்பரில் ஏழு இந்திய நிறுவனங்களுக்குத் ‘தன்னார்வ உரிமம்’ அளித்துத் தயாரிக்கவும் விடச் சம்மதித்தது. 2015 மார்ச்சில் நாட்கோ நிறுவனம் 28 மாத்திரையை 19,900 ரூபாய்க்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு போட்டியால் விலை சரிந்துகொண்டே போய், அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது முழுச் சிகிச்சையும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. 84,000 டாலர் எங்கே, இது எங்கே!

இதைக் கிலீட்டின் பெருந்தன்மை என்று எழுதும் பொருளாதாரப் பத்திரிகைகள் உண்டு. அந்த உரிமத்தின் எல்லைக்குள் 91 நாடுகளே இருந்தன. சீனா, பிரேசில், தாய்லாந்து, உக்ரைன், மலேசியா போன்ற நாடுகள் விடுபட்டிருந்தன. அங்குள்ள கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு இந்தியாவில் தயாரான மலிவு மாத்திரையை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. 2017இல் மலேசிய அரசு, காப்புரிமையாளரின் அனுமதியின்றியே மருந்தை வரவழைக்கும் அரசுப் பயன்பாட்டு உரிமத்தைக் கையில் எடுத்தது. அந்த நடவடிக்கை முழுமைபெறும் தறுவாயில், ஆகஸ்டில், மலேசியா உள்ளிட்ட நான்கு நாடுகளைக் கிலீட் அவசர அவசரமாகத் தன் பட்டியலில் சேர்த்தது. தன்னார்வம் எங்கிருந்து பிறந்தது என்பது தெளிவு. மலேசியா அதோடு நிற்காமல் தன் உரிமத்தைப் பிறப்பித்தும்விட்டது.

இந்திய முதலாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோஃபோஸ்புவிர் விண்ணப்பத்தை எதிர்த்து மனு கொடுத்த நிறுவனங்களுள் நாட்கோவும் ஒன்று. 2015 மார்ச்சில் கிலீட்டிடமே உரிமம் பெற்றுக்கொண்டதும் அதே நாட்கோதான். ஏகாதிபத்தியத்தோடு ஒரு கையால் மல்லுக்கட்டி மறுகையால் கைகுலுக்கும் வர்க்கம் பற்றிக் கட்சித் திட்டத்தில் படிப்பவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. கடைசிவரை களத்தில் நின்றவர்கள் நோயாளிகளின் அமைப்புகளே.

பஞ்சாப் காட்டியது

மலிவான மாத்திரை இருந்தால் மட்டும் போதாது. அதை நோயாளியின் ஊருக்குக் கொண்டுபோக ஓர் அரசு அமைப்பு வேண்டும். 2016 ஜூனில் பஞ்சாப் மாநிலம் 22 மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் ஹெபடைடிஸ் சி சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியது. அங்கே ஆட்சியில் இருந்தது இடதுசாரி அரசன்று. நல்லது நடந்தால் நடந்தது என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை. கல்லீரல் சிறப்பு மருத்துவர்களிடம் மட்டுமே முடியும் என்று கருதப்பட்ட சிகிச்சையை, சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சியோடும் காணொளி வழி ஆலோசனையோடும் மாவட்ட மருத்துவமனையின் பொது மருத்துவர்கள் செய்து காட்டினார்கள். 48,088 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. சிகிச்சை முடித்து இறுதிப் பரிசோதனைக்கு வந்தவர்களில் 91.6 சதவீதத்தினர் குணமடைந்திருந்தனர். ஐந்து நட்சத்திர மருத்துவமனைகள் காட்டும் விகிதத்துக்கு இது இளைத்ததன்று.

இந்த அனுபவத்தின் மீது நின்றே 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2030க்குள் ஹெபடைடிஸ் சி ஒழிப்பு இலக்கு.

அதே 2018 அக்டோபரில் எகிப்து களமிறங்கியது. காப்புரிமைத் தடையின்றித் தன் நாட்டிலேயே மருந்தைத் தயாரித்துக்கொண்ட அந்நாடு, ஏழே மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்தது. தொற்று உள்ளவர்களுக்கு இலவசமாக மருந்து தந்தது. 2023 அக்டோபரில், ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் ‘தங்க நிலை’ எட்டிய முதல் நாடு என உலக சுகாதார அமைப்பு எகிப்தை அறிவித்தது. அந்நாட்டு ஆட்சியை ஜனநாயக ஆட்சி என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நோயாளி தன்னைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், நோயாளியைத் தேடிப் போனது.

இந்தியாவில் போகவில்லை. உலக சுகாதார அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் இந்நாட்டில் ஹெபடைடிஸ் சி தொற்றுடன் வாழ்ந்தவர்கள் சுமார் 55 லட்சம். தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாத்திரை இலவசம், நோய் இருப்பதே தெரியாதவர் அந்த இலவசத்தை எப்படிப் பெறுவார்? எதிர்ப்பொருள் சோதனை ஒன்று, அது நேர்மறையானால் வைரஸை அளக்கும் சோதனை இன்னொன்று. இரண்டாவதற்காக மாவட்டத் தலைநகருக்கு ஒரு நாள் கூலியை இழந்து போய்வரும் விவசாயத் தொழிலாளி, முடிவை வாங்க இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டும். நடுவழியில் விட்டுப்போகிறவர்களை ‘தொடர்பிழந்தவர்கள்’ என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

எதைப் பராமரிக்க வேண்டும்

இங்கேதான் பராமரிப்பு என்ற சொல் தன் உண்மைப் பொருளில் திரும்பி வருகிறது. சிரோசிஸ் நிலையை எட்டிய பின் வைரஸிலிருந்து விடுபட்டவருக்கும் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்கள் சுமார் 3 கோடிப் பேர்; அவர்களில் சிகிச்சை தேவைப்படும் பலருக்குப் பல்லாண்டுகள், பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். டெனோஃபோவிர் என்ற அந்த மாத்திரை காப்புரிமைச் சிக்கல் இல்லாத மலிவான மாத்திரை. நீண்டகாலப் பராமரிப்பு மெய்யாகவே தேவைப்படும் இந்த இடங்களில் மூலதனத்துக்கு ஆர்வமில்லை. ஏனெனில் லாபம் சொற்பம். அரசுக்கும் ஆர்வமில்லை.

ஒன்றிய அரசு தம்பட்டம் அடிக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். ஆறு மாத ஸ்கேனுக்குத் தராது. வயிற்றில் நீர் கோத்து, இரத்த வாந்தி எடுத்து, தனியார் மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் நாளில் தரும். அமெரிக்க மெடிக்கெய்டின் ‘முற்றிய பிறகு வா’ என்ற விதி காப்பீட்டு அட்டை வடிவில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2025க்குள் சுகாதாரத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் அரசு செலவிடும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதி கூறியது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது, இலக்கு எட்டப்படவில்லை.

இதனிடையே மருந்து விலையை இறக்கிய ஆயுதங்களே ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகள், முன்கூட்டி எதிர்ப்பு மனு தாக்கல் செய்யக் கட்டணம் விதித்தன. மனு ஏற்கத்தக்கதா என்பதை முதலில் அதிகாரியே தீர்மானிப்பார் என்றன. காப்புரிமை பெற்ற பொருளை இந்நாட்டில் உண்மையில் தயாரிக்கிறார்களா, விற்கிறார்களா என்று ஆண்டுதோறும் தர வேண்டிய கணக்கை மூன்றாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்றன. இந்தக் கணக்கின் அருமை ஒரு பழைய வழக்கால் விளங்கும். 2012 மார்ச்சில் இந்தியா தன் வரலாற்றில் வழங்கிய ஒரே கட்டாய உரிமம், பேயர் நிறுவனத்தின் சோராஃபெனிப் மருந்துக்கு. மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த மருந்து 9,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. தேவைக்கேற்ற அளவில் மருந்தை இங்கே கிடைக்கச் செய்யவில்லை என்பது நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலிருந்தே அன்று நிரூபிக்கப்பட்டது. சோராஃபெனிப் எந்த நோய்க்கு? கல்லீரல் புற்றுநோய்க்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும். கவனிக்கப்படாத ஹெபடைடிஸ் சி கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களில் ஒன்று முன்னது.

2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தமோ, மருந்து மக்களுக்குக் கிடைக்கச் செய்ய விரும்பத்தக்க வழி தன்னார்வ உரிமமே என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. மலேசியாவுக்கு மருந்து வாங்கித் தந்தது தன்னார்வமா, கட்டாயமா என்பதை மேலே கண்டோம். சோஃபோஸ்புவிர் விலை இறங்கிவிட்டது, இனி என்ன என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அடுத்த சோஃபோஸ்புவிர் வரும்போது எதிர்ப்பு மனு கொடுக்க நோயாளிகளிடம் உரிமை இருக்குமா, கட்டாய உரிமம் வழங்கும் துணிவு அரசிடம் இருக்குமா?

கட்சி அணிகளிலும் ஒரு மெத்தனம் உண்டு. இது டாக்டர்களின் விவகாரம் என்று ஒதுங்குவோர் இருக்கிறார்கள். ‘போதை ஊசிக்காரர்களின் நோய்தானே’ என்று காதில் விழுமாறே சொல்பவர்களும் இல்லாமலில்லை. ஊசி பகிர்ந்தவரும் உழைக்கும் வர்க்கத்து வீட்டுப் பிள்ளைதான். பஞ்சாபிலும் மணிப்பூரிலும் வேலையின்மை எத்தனை இளைஞர்களை அந்த ஊசியிடம் தள்ளியிருக்கிறது என்பதை அங்குள்ள தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்த மனநிலையோடு மெடிக்கெய்டின் நன்னடத்தைச் சான்றிதழைக் கண்டிப்பதில் பொருளில்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. சுகாதாரத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் சிகிச்சை மையம் இயங்க வேண்டும். இயங்குகிறதா, வைரஸ் அளவுச் சோதனை அங்கேயே நடக்கிறதா, மருந்து இருப்பு எத்தனை மாதத்துக்கு உள்ளது என்பவற்றை வெகுஜன அமைப்புகள் நேரில் சென்று கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். டயாலிசிஸ் பிரிவுகளிலும் சிறைகளிலும் அனைவருக்கும் சோதனை, சிரோசிஸ் நோயாளிகளுக்கு ஆறு மாத ஸ்கேன் இலவசம், 2024ஆம் ஆண்டு விதித் திருத்தங்களைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆஷா ஊழியர்களின் சங்கங்கள் இதில் முன்வரிசையில் நிற்க முடியும். வீடு வீடாகச் செல்பவர்கள் அவர்கள்தாம். எதிர்ப்பொருள் சோதனைக்கு விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். அந்த வேலைக்குரிய ஊதியத்தோடு அதை அவர்களிடம் ஒப்படைக்கும்படி அரசை நிர்ப்பந்திக்க வேண்டும். சல்லிக்காசு ஊக்கத்தொகைக்கு இன்னொரு சுமையாக அவர்கள் தலையில் ஏற்றுவதை அந்தச் சங்கங்களே ஏற்கமாட்டா, ஏற்கவும் கூடாது.